தேதியைக் காப்பாற்றும் வேலை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் குரல் செய்தியை நிதானமாகக் கேட்டேன். “பி.காம். முடிச்சிட்டேன். படம் வரைய வராது. மாயா, நியூக் மாதிரி சாஃப்ட்வேர் எதுவும் தெரியாது. ஆனா அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். துறையிலதான் வேலை பார்க்க ஆசை. எனக்கு அங்க இடம் இருக்குமா மாமா?” என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். அக்காவுக்கும் படித்துக் காட்டு. ஷூ கம்பெனியில் லைன் பார்க்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள் இதில் நிறைய இருக்கின்றன.

இடம் இருக்கிறது. ஒரு ஸ்டூடியோவில் கணினி முன் உட்கார்ந்து படத்தை உருவாக்குபவர்கள் கலைஞர்கள். எந்த ஷாட் எப்போது வருகிறது, யார் செய்வது, எத்தனை நாளில் முடிய வேண்டும், இயக்குநர் தரப்பு என்ன திருத்தம் சொன்னது, அந்தத் திருத்தம் உரியவர் கைக்குப் போனதா, முடிந்த ஷாட் சரியான பெயரில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்குத் தனியாக ஒரு குழு இருக்கிறது. அதைத்தான் புரொடக்‌ஷன் என்கிறார்கள். முதல் படி புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் அல்லது கோஆர்டினேட்டர். அதற்கு மேல், ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ வரிசை மாறினாலும், லைன் புரொட்யூசர், புரொடக்‌ஷன் மேனேஜர், கடைசியில் வி.எஃப்.எக்ஸ். புரொட்யூசர். படப்பிடிப்பில் வண்டி, சாப்பாடு, பேட்டா பார்க்கிற புரொடக்‌ஷன் மேனேஜர் வேறு. இது ஸ்டூடியோவுக்குள் நடக்கிற வேலை.

உன் அம்மாவின் கம்பெனியையே எடுத்துக்கொள். ஐரோப்பாவில் இருக்கும் பையர் சாம்பிளை ஒப்புக்கொண்டதும் ஆர்டர் வருகிறது. இத்தனை ஆயிரம் ஜோடி, இன்ன தேதிக்குக் கன்டெய்னர் ஏற வேண்டும். தோல் கட்டிங்குக்குப் போய், தையலுக்கு வந்து, லாஸ்டிங், ஃபினிஷிங் எல்லாம் கடந்து பேக்கிங்குக்கு வருகிறது. எல்லா இடத்திலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 38-ஆம் சைஸ் அப்பர் மட்டும் தையலில் நின்றுபோனால் ஆர்டர் நிறையாது, கன்டெய்னர் கிளம்பாது. அது நிற்கப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டு, ஆளை மாற்றிப் போட்டு, மேலே தகவல் சொல்கிற லைன் சூப்பர்வைசரும், பையரிடம் பேசுகிற மெர்ச்சண்டைசரும் அன்றைய நாளில் ஒரு தையல்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் இல்லாமல் ஒரு ஜோடியும் துறைமுகம் போய்ச் சேராது. ஸ்டூடியோவில் புரொடக்‌ஷன் ஆள் செய்வதும் இதைத்தான். அங்கே தோல், இங்கே ஷாட். அங்கே ஷிப்மென்ட், இங்கே டெலிவரி.

இனி ஸ்டூடியோவுக்குள் வருவோம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 பிரேம். கதாநாயகன் கம்பியில் தொங்கிப் பறக்கிறான் என்று வைத்துக்கொள். கேமரா எப்படி நகர்ந்தது என்பதை மேட்ச்மூவ் துறை கணக்கிடும். அவன் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரேம் பிரேமாக வெட்டி எடுப்பது ரோட்டோ. கம்பியை அழிப்பது பெயின்ட். கணினியில் உருவாக்க வேண்டிய கட்டடமோ விலங்கோ இருந்தால் மாடலிங், டெக்ஸ்சர், ரிக்கிங், அனிமேஷன், லைட்டிங் என்று அது ஒரு தனி வரிசை. புகை, நெருப்பு, தண்ணீர் எல்லாம் எஃப்.எக்ஸ். துறை. எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது கம்பாசிட்டிங். ஒரு துறை தாமதமானால் அடுத்த துறை சும்மா உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஷாட்டும் இன்று யார் கையில், எந்த வெர்ஷனில், என்ன நிலையில் இருக்கிறது என்பதை ஷாட்கிரிட் (2024 முதல் அதன் பெயர் ஃப்ளோ புரொடக்‌ஷன் டிராக்கிங்), எஃப்டிராக் போன்ற மென்பொருளில் பதிகிறார்கள். சிறிய ஸ்டூடியோக்களில் எக்செல் தாளே போதும். அந்தப் பதிவை உண்மையாக வைத்திருப்பதுதான் கோஆர்டினேட்டரின் முதல் கடமை.

உன் பி.காம். இங்கேதான் உதவும். 60 ரோட்டோ ஷாட் வருகிறது, ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக இரண்டு மேன்டே, அதாவது ஒருவர் இரண்டு நாள் செய்யும் வேலை என்று அந்தத் துறையின் சூப்பர்வைசர் மதிப்பிடுகிறார். மொத்தம் 120 மேன்டே. எட்டுப் பேர் வாரம் ஐந்து நாள் வேலை செய்தால் வாரத்துக்கு 40. ஆகவே மூன்று வாரம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. திருத்தங்களுக்குக் கால் பங்கு சேர்த்தால் 150. நடுவில் பொங்கல் விடுமுறை மூன்று நாள் வந்தால் எட்டுப் பேருக்கு 24 மேன்டே போய்விடும். இப்போது கணக்கு நாலு வாரத்தைத் தாண்டுகிறது. லண்டனில் இருக்கிற கிளையன்ட்டுக்குப் பொங்கல் எப்போது என்று தெரியாது. அட்டவணை போடும் நாளிலேயே அதைச் சொல்ல வேண்டியது உன் வேலை. ஜனவரி பத்தாம் தேதி சொன்னால் அது சாக்கு. நவம்பரில் சொன்னால் அது திட்டம்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வாய் என்றால் இதை வைத்துக்கொள்: புரொடக்‌ஷனில் உன் மதிப்பு, கெட்ட செய்தியை நீ எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாய் என்பதில் இருக்கிறது. இந்த வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் நன்றாகத் தெரிந்தவர்கள், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்கள், இனிமையாகப் பழகுபவர்கள் எல்லோரும் வந்தார்கள். நிலைத்து நின்று மேலே போனவர்களிடம் ஒரு பொதுக்குணம் இருந்தது. ஷாட் நாளை வராது என்பது இன்று காலை பதினோரு மணிக்குத் தெரிந்தால், பதினொன்று ஐந்துக்கு அது மேலே உள்ளவருக்குத் தெரிந்திருக்கும். மாலை வரை பார்க்கலாம், ஒருவேளை முடிந்துவிடும் என்று அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். காலையில் தெரிந்தால் ஆளை மாற்றலாம், வேலையைப் பிரிக்கலாம், கிளையன்ட்டிடம் ஒரு நாள் கேட்டு வாங்கலாம். மாலை ஆறு மணிக்குத் தெரிந்தால் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் சினிமாவின் பக்கமிருந்தும் இதைப் பார். ‘காதலன்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’ படங்களின் கணினி வரைகலைக்காக எஸ்.டி. வெங்கி தேசிய விருதுகள் வாங்கியது 1990-களில். 2007-இல் வந்த ‘சிவாஜி’யில் ஒரு பாடல் முழுக்க ரஜினிகாந்தின் தோல் நிறத்தை மாற்றிக் காட்டினார்கள். ரஜினியின் ஷாட்டுகளை ஒரு வெளிநாட்டுப் பெண்ணை வைத்து அதே ஒளியில் மறுபடி எடுத்து, அவருடைய தோலின் நிறத்தை ரஜினியின் மேல் பொருத்தினார்கள். அந்தப் படத்துக்காக இந்தியன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. நிறம் மாற்றியவர்களின் திறமையை உலகம் பார்த்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதன் இணை ஷாட் எது, எது பொருந்திவிட்டது, எது பாக்கி என்ற கணக்கு ஓரிடத்தில் தவறாமல் இருந்தால்தான் அப்படியொரு வேலை முடியும். அந்தக் கணக்கு திரையில் தெரியாது. நீ கேட்கிற வேலை அதுதான்.

‘அயலான்’ படத்தையும் நினைத்துப் பார். படப்பிடிப்பு தொடங்கியது 2018-இல். திரைக்கு வந்தது 2024 பொங்கலுக்கு. வேற்றுக்கிரகவாசி படம் முழுக்க வருகிறது. 4,500-க்கும் மேற்பட்ட வி.எஃப்.எக்ஸ். ஷாட்டுகள் என்று படக்குழு சொன்னது. சென்னையைச் சேர்ந்த ஃபாண்டம் எஃப்.எக்ஸ். நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. நடுவில் கொரோனா வந்தது, பணச் சிக்கல் வந்தது. இத்தனை ஆண்டு இழுத்த படத்தில் பாதி வழியில் ஆட்கள் மாறுவது சகஜம். புதிதாக வருகிறவர் நேற்றைய நிலையை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? பதிவு ஒழுங்காக இருந்தால்தான் தெரிந்துகொள்வார்.

இத்துறையின் இருண்ட பக்கத்தையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். 2013 பிப்ரவரியில் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு வி.எஃப்.எக்ஸ். ஆஸ்கர் கிடைத்தது. அதில் வருகிற புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவால் மனு கொடுத்திருந்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில் நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இசையை உயர்த்தி அவர் பேச்சை நிறுத்தினார்கள். அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். ‘லைஃப் ஆஃப்டர் பை’ என்று 2014-இல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. தேடிப் பார்.

அங்கே நடந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. உனக்குப் பாடமாகிற காரணம் ஒன்று. ஸ்டூடியோக்கள் மொத்தமாக ஒரு விலை பேசி வேலையை எடுக்கின்றன. அதன்பின் இயக்குநர் மனம் மாறி மாற்றங்கள் சொல்லிக்கொண்டே போனால், கூடுதல் நாட்களின் செலவு ஸ்டூடியோவின் தலையில் விழுகிறது. ஷூ கம்பெனியில், ஒப்புக்கொண்ட சாம்பிளில் பக்கிளை மாற்றச் சொல்லி பையர் கேட்டால், ‘எழுத்தில் கொடுங்கள், விலையும் தேதியும் மாறும்’ என்று சொல்கிற மெர்ச்சண்டைசர் கம்பெனியைக் காப்பாற்றுகிறார். எந்த நாளில், யார், என்ன மாற்றம் கேட்டார்கள், அது முதலில் பேசிய வேலையில் இருந்ததா என்ற குறிப்பைக் கோஆர்டினேட்டர் எழுதி வைத்திருந்தால்தான் புரொட்யூசர் கூடுதல் பணம் கேட்க முடியும். நீ எழுதும் ஒரு வரிக் குறிப்பில் பத்துக் கலைஞர்களின் ஒரு மாதச் சம்பளம் இருக்கலாம்.

இன்னொன்று மிக அண்மையில் நடந்தது. எம்.பி.சி., தி மில், மிக்ரோஸ் ஆகிய நிறுவனங்களை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் நொடித்துப்போனது. பெங்களூருவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோதே இந்தியாவுக்கு வரும் வேலை குறைந்து, அந்த அடி இங்கும் விழுந்திருந்தது. அயல்நாட்டு ஆர்டர் நின்றால் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷிஃப்ட் குறைவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அதனால் இது உனக்குப் புதிய பயம் இல்லை. வேலை கிடைத்த முதல் வருடமே நான்கு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் சேர்த்து வை. ஒரே கம்பெனியை நம்பி வண்டிக்கும் வீட்டுக்கும் கடன் வாங்காதே.

சரி, எங்கே தேடுவது? நம் ஊரின் இருப்பே உனக்குச் சாதகம். மாதனூர் போய் நெடுஞ்சாலை ஏறினால் கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு, இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறாய். காலையில் ஆம்பூரிலோ காட்பாடியிலோ ரயில் ஏறினால் எந்தப் பக்கத்து நேர்காணலுக்கும் போய்விட்டு அன்றே திரும்பலாம். சென்னையில் ஃபாண்டம் எஃப்.எக்ஸ். போன்ற உள்ளூர் நிறுவனங்கள் இருக்கின்றன. ‘டூன்: பார்ட் டூ’வுக்காக 2025-இல் ஆஸ்கர் வாங்கிய டி.என்.இ.ஜி. நிறுவனத்துக்கும் இங்கே கிளை உண்டு. வடபழனி, சாலிகிராமம் பக்கம் ரோட்டோ, பெயின்ட் மட்டும் செய்யும் சிறிய ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர்தான் பிடிக்கும் என்றால் ‘சோட்டா பீம்’ செய்கிற ஹைதராபாத் கிரீன் கோல்டு, திருவனந்தபுரம் டூன்ஸ் ஆகியவற்றின் வேலை அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிரு.

புதியவர்களுக்குப் பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய ஸ்டூடியோ நல்ல பள்ளிக்கூடம். பெரிய இடத்தில் ஒரு துறையின் ஒரு பகுதிதான் உன் கண்ணில் படும். சிறிய இடத்தில் ஷாட் வந்து இறங்குவதிலிருந்து டெலிவரி வரை மொத்தமும் உன் மேசையைக் கடந்துதான் போகும். சம்பளம் குறைவாக இருக்கும். ஒன்றரை, இரண்டு வருடம் அங்கே கற்றுக்கொண்டு பெரிய இடத்துக்கு நகர்வது பலரும் போன வழி.

கோஆர்டினேட்டர் என்ற பெயரில் மட்டும் தேடாதே. புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட், டேட்டா ஆபரேட்டர், ஐ.ஓ. கோஆர்டினேட்டர் என்றும் அறிவிப்பு வரும். கிளையன்ட் அனுப்பும் கோப்புகளைச் சரிபார்த்து இறக்குவதும், முடிந்தவற்றை அனுப்புவதும்தான் ஐ.ஓ. அந்த மேசையில் ஆறு மாதம் இருந்தவருக்கு ஸ்டூடியோ முழுக்கத் தெரியும். கணினிகள் இறுதிப் பிரேம்களை உருவாக்குவதுதான் ரெண்டர்; இரவில் அது ஓடுவதைக் கண்காணிக்கும் வேலையும் ஒரு வாசல்தான். இன்னொரு வாசலைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய தமிழ்ப் படங்கள் தங்கள் ஷாட்டுகளைப் பல ஸ்டூடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. எது யாரிடம் போனது, எது திரும்பி வந்தது என்று பார்க்கத் தயாரிப்பாளர் தரப்பிலும் ஒருவர் தேவைப்படுகிறார். எடிட்டரின் உதவியாளர்களோடு பழகினால் அந்த வாசல் திறக்கும்.

பணம் கட்டிப் படிப்பது பற்றிக் கேட்டாய். புரொடக்‌ஷன் வேலைக்காக லட்சக்கணக்கில் கொடுத்து அனிமேஷன் கோர்ஸ் சேர வேண்டாம். நிஜமாகவே கலைஞராக வேண்டும் என்று தோன்றினால் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது, அதை விசாரி. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று பலகை வைத்திருக்கும் இடத்தில், போன வருடம் படித்தவர்களில் ஐந்து பேரின் தொடர்பைக் கேள். தயங்கினால் வெளியே வந்துவிடு. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், நம் உறவாகவே இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அசல் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் விட்டுவிட்டு வராதே.

அதற்குப் பதிலாக, இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கான சான்றை நீயே உண்டாக்கு. கலைஞர்களிடம், அவர்கள் செய்த வேலைகளைத் தொகுத்த ஷோரீல் கேட்பார்கள். உன்னிடம் கேட்க அப்படி எதுவும் இல்லை என்பதாலேயே நீ ஒன்றைக் காட்டினால் நினைவில் நிற்பாய். இரண்டு பயிற்சி சொல்கிறேன்.

முதலாவது. பிளெண்டர் அமைப்பு 2012-இல் ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்று ஒரு குறும்படம் வெளியிட்டது. பன்னிரண்டு நிமிடம் ஓடும். நிஜ நடிகர்களும் வி.எஃப்.எக்ஸ்.ஸும் கலந்த படம், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதை ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்த்து ஒரு தாளில் பட்டியல் போடு. ஷாட்டின் எண், எத்தனை பிரேம், என்ன நடக்கிறது, எந்தெந்தத் துறை தொட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் உன் மதிப்பீட்டில் எத்தனை மேன்டே, எந்த ஷாட் ஆபத்தானது, ஏன். பிறகு பத்துப் பேர் குழு என்று வைத்து அட்டவணை போடு. கிட்சு என்ற கண்காணிப்பு மென்பொருள் ஓபன் சோர்ஸ். முடிந்தால் அதில் ஏற்றிப் பழகு. உன் மதிப்பீடு தவறாகவே இருக்கட்டும். பார்ப்பவர் உன் சிந்தனையைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது. உன் தோழி விஸ்காம் படிக்கிறாள் என்றாயே, அவளையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு நம் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையைப் பற்றி ஒன்றரை நிமிடத்தில் ஒரு படம் செய்யுங்கள். போனில் எடுத்ததோடு கொஞ்சம் அனிமேஷனும் கலக்கட்டும். நீ கேமராவையும் தொடாதே, எடிட்டிங்கையும் தொடாதே. ஷாட் பட்டியல், யார் எதை எப்போது முடிப்பது, தினசரி நிலை, திருத்தக் குறிப்பு, கடைசித் தேதி இவற்றை மட்டும் நடத்து. ஒருத்தி வராமல் போவாள், ஒருவனின் போன் பழுதாகும், மழை பெய்யும். அப்போது நீ என்ன முடிவெடுத்தாய், யாருக்கு எப்போது சொன்னாய் என்பதை எழுதி வை. படம் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. சொன்ன தேதியில் வர வேண்டும். அந்த இரண்டு பக்கக் குறிப்பும் உன் தாள்களும்தான் உன் ஷோரீல்.

விண்ணப்பம் சுருக்கமாக இருக்கட்டும். மின்னஞ்சலின் தலைப்பில் எந்த வேலை, உன் பெயர், எப்போது சேர முடியும் என்பது போதும். உள்ளே ஆறேழு வரி. அந்த ஸ்டூடியோ செய்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உண்மையாக ஒரு வரி எழுது. உன் தாள்களுக்கான இணைப்பு ஒன்று. லிங்க்டுஇன்னில் மேனேஜர்களுக்கு மட்டும் எழுதாமல், இரண்டு மூன்று வருட அனுபவமுள்ள கோஆர்டினேட்டர்களுக்கு எழுது. வேலை கேட்காதே, ‘என் தாளைப் பார்த்து ஒரு குறை சொல்வீர்களா’ என்று கேள். பத்துப் பேருக்கு எழுதினால் ஓரிருவர் பதில் சொல்வார்கள். இடம் காலியாகும்போது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வேலைக்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. சின்ன வாக்கியங்களில், தேதியும் எண்ணும் தவறாமல், மறுபடி கேட்க வேண்டியில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும். தினமும் அப்படி ஒரு மின்னஞ்சல் எழுதிப் பழகு.

நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வர வாய்ப்பு உண்டு: மாலை ஆறு மணிக்கு டெலிவரி, நாலு மணிக்கு ஒரு கலைஞர் வந்து ‘என் ஷாட் இன்று முடியாது’ என்கிறார், நீ என்ன செய்வாய்? ‘எப்படியாவது முடிக்க வைப்பேன்’ என்று சொல்லிவிடாதே. எங்கே மாட்டியிருக்கிறது என்று அந்தக் கலைஞரிடம் கேட்பேன், சூப்பர்வைசரிடம் போய் வேறு வழி உண்டா என்று பார்ப்பேன், இருக்கிற வெர்ஷனைக் குறிப்போடு அனுப்பலாமா என்று கேட்பேன், ஆறு மணிக்கு முன்பே லைன் புரொட்யூசருக்கு நிலைமையையும் இரண்டு வழிகளையும் சொல்வேன், என்ன முடிவானது என்று பதிவேன் என்று சொல். அதோடு, காலையிலேயே ஏன் தெரியவில்லை என்று நாளை பார்ப்பேன் என்றும் சொல்.

சேர்வதற்கு முன் நீயும் கேள்வி கேட்க வேண்டும். ஒப்பந்த வேலையா, நிரந்தரமா? பி.எஃப். பிடிக்கிறார்களா? பாண்ட் எழுதச் சொன்னால் எத்தனை மாதம், உடைத்தால் என்ன? ஷிஃப்ட் என்ன? லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறரை அல்லது ஏழரை. லண்டன் காலை பத்து மணிக்கு அலுவலகம் வந்தால் இங்கே பிற்பகலாகிவிடும். அதனால் அதிகாலையோ பின்னிரவோ வேலை வரும். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைக்க எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்று 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. கம்பெனி வண்டி உண்டா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும், அது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். யார் அதில் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொள்.

உள்ளே போனபின் கலைஞர்களை மதி. பட்டியலை வைத்துக்கொண்டு ‘முடிஞ்சதா, முடிஞ்சதா’ என்று மணிக்கொரு தரம் தலைமேல் நிற்கும் கோஆர்டினேட்டரிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். உண்மை வராவிட்டால் உன் பதிவு பொய்யாகும். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமுடியை ரோட்டோ செய்வது ஏன் கடினம், வேகமாக அசையும் கை ஏன் ஒரு நாளைத் தின்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். கம்பெனி லைனில் யாருக்கு எந்தத் தையல் வரும், யாருக்கு இடுப்புவலி என்றெல்லாம் அக்காவுக்குத் தெரியும் அல்லவா? ஆள் தெரிந்தவரால்தான் வேலையைச் சரியாகப் பிரிக்க முடியும். தேதி தவறிக்கொண்டே போகும்போது அதைக் கலைஞர்களின் தூக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுவது இத்துறையின் பழைய நோய். ‘இந்த வாரம் மூன்று பேர் இரவில் தங்கினார்கள், இது அட்டவணையின் குறை’ என்று எழுதி வைக்கிற கோஆர்டினேட்டராக இரு.

பார்க்கும் படத்தைப் பற்றி வெளியே வாய் திறக்காதே. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், வேலைத்தளத்துக்குள் போனையே அனுமதிக்காத இடங்கள் உண்டு. வெளிவராத படத்தின் ஒரு பிரேம் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால் உன் வேலையோடு ஸ்டூடியோவின் ஒப்பந்தமும் போகும். நம் வீட்டாரிடமும் படத்தின் பெயர் சொல்ல வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமா என்றும் கேட்டாய். ரோட்டோ, பெயின்ட் வேலைகளில் அது ஏற்கெனவே நுழைந்துவிட்டது. நியூக் மென்பொருளில் 2021-இலேயே காப்பிகேட் என்ற வசதி வந்தது. சில பிரேம்களில் கலைஞர் செய்ததைக் கற்றுக்கொண்டு மீதி பிரேம்களில் அது செய்து பார்க்கும். நிலையைப் பதிவது, நினைவூட்டல் அனுப்புவது போன்ற கோஆர்டினேட்டர் வேலைகளும் மெல்ல மெல்ல இயந்திரத்துக்குப் போகும். அதனால் வெறும் தாள் நிரப்புகிறவளாக நின்றுவிடாதே. ஒரு கலைஞர் ‘முடிந்துவிடும்’ என்று சொல்லும்போது அவர் குரலில் இருக்கிற தயக்கத்தைக் கண்டுகொள்வதும், இரண்டு துறைகள் மோதும்போது இரண்டு பக்கமும் ஏற்கும் ஒரு தேதியைக் கண்டுபிடிப்பதும், கிளையன்ட்டுக்குப் பிடிக்காததை அவர் ஏற்கும்படி சொல்வதும் மனிதர் செய்ய வேண்டியவை. அவற்றில் கைதேர்ந்துவிடு. இத்துறை ஒரு நாள் சரிந்தாலும் கேம், விளம்பரம், இணையவழிக் கல்வி எங்கே போனாலும் அந்தத் திறமைக்கு விலை உண்டு. நம் பக்கத்துத் தோல் கம்பெனிகளில்கூட மெர்ச்சண்டைசராக நாளையே சேரலாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு ஒரு மணி நேரம் உட்கார். ஒரு ஆர்டர் கம்பெனிக்குள் வந்து கன்டெய்னர் ஏறும் வரை எங்கெல்லாம் நிற்கும், நிற்கப்போவது முதலில் யாருக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதிக்கொள். எந்தக் கோர்ஸிலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தர மாட்டார்கள். பிறகு ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ பட்டியலைத் தொடங்கு. எனக்கு எந்தத் தேதியில் அனுப்புவாய் என்பதை நீயே முடிவு செய்து சொல். அந்தத் தேதிக்கு வராது என்று தெரிந்தால், தெரிந்த அன்றே எனக்கு ஒரு வரி எழுது. தாள் வந்ததும் குறைகளைச் சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறேன், திருத்தியபின் இங்கே எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்களுக்கு உன் பெயரைச் சொல்கிறேன். சிபாரிசு உன்னை வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே உட்கார வைப்பது அந்தத் தாள்தான்.

நேர்காணலுக்கு வரும் நாளில் விடுதி தேடி அலையாதே. நேராக வீட்டுக்கு வா, அத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் மாமா,
சாலிகிராமம், சென்னை